நெல்லுமணி அளவு மரம்

என் அக்காவுக்கு ஆங்கிலத்தில் ஒரேயொரு வசனம்தான் வரும். "ஐ ஆம் ஹேர் சிஸ்ரர்." நான் இவளுடைய சகோதரி. அதையும் நான்தான் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தேன். ஹீத்ரோவில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி என்ன கேட்டாலும் என் அழைப்புக் கடிதத்தில் என் பெயருக்கு நேரே விரலை வைத்து இதைச் சொன்னால் போதும் என்றேன். அக்கா அப்படியே செய்தார். அதிகாரி சிரித்துக்கொண்டு முத்திரை குத்தி விட்டாராம். அன்று தொடக்கம் அந்த வசனம் அவருக்கு மந்திரம். பஸ் சாரதிக்கு அது, தபால்காரனுக்கு அது, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் கிழவருக்கும் அதுதான். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அக்கா ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு லண்டனில் நாங்கள் இருக்கும் செவன் கிங்ஸ் முழுக்கப் போய்வந்தார். இந்த 'ஹேர்' யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சிங்களத்திலும் அவருக்கு ஒரு வசனம்தான். "மகே நங்கி." என்னுடைய தங்கச்சி. சண்டைக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் எனக்கு அடையாள அட்டை இல்லை என்று என்னைத் தனியே ஒரு பக்கம் நிறுத்திவிட்டார்கள். அக்கா தன் வரிசையை விட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மகே நங்கி." ஆமிக்காரன் ஏதோ அதட்டினான். அக்காவுக்கு விளங்கவில்லை, விளங்கியிருந்தாலும் பதில் சொல்ல வேறு சொல் இல்லை. "மகே நங்கி, மகே நங்கி." துவக்கின் பின்பக்கத்தால் தோளில் தள்ளியும் பார்த்தான். கடைசியில் அலுத்துப்போய், இரண்டு பேரும் தொலையுங்கள் என்று கையைக் காட்டினான். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் இரக்கம் தேடுகிறேன் என்று நினைப்பீர்கள்.

அக்கா மன்னாரில் இருக்கிறார். என் மகளின் கல்யாணத்துக்கென்று ஐப்பசியில் வந்தார். அத்தான் கூட வரவில்லை, ஆட்டையும் மாட்டையும் ஆர் பார்ப்பது என்று நின்றுவிட்டார். கல்யாணம் முடிந்து இரண்டு கிழமையில் அத்தானுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பு என்று கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டும், தை பிறந்ததும் செய்யலாம் என்று டொக்டர் சொன்னார். நாங்கள் அக்காவின் ரிக்கற்றை மாற்றினோம். நத்தார் நெரிசலில் கிடைத்தது கிறிஸ்மஸுக்குக் கிட்டவாக ஒரேயொரு நாள்தான். அதுவரைக்கும் அக்கா என் வீட்டில் காத்திருந்தார். பகலில் சமைப்பார், பின்னேரம் செபமாலை சொல்லுவார், இடையில் அத்தானை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "மருந்து போட்டனீங்களோ?" என்று கத்துவார். அழுது நான் பார்க்கவில்லை. குளியலறையில் தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடியது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இல்ஃபோர்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அங்கே எனக்கு ஒரு தனிக் குரல் இருக்கிறது. வழவழவென்று, மூக்கில் கொஞ்சம் ஏறி, வசனத்தின் கடைசியில் மெல்ல மேலே போகும். கல்யாண லீவு முடிந்து நான் முதல்நாள் வீட்டிலிருந்து வேலைக்குப் போன் பேசியபோது அக்கா குசினி வாசலில் வந்து நின்று கேட்டார்.

"உந்தக் குரலை எந்தக் கடையிலையடி வாங்கினனீ?"

"விசர்க் கதை கதையாதையுங்கோ அக்கா. இஞ்ச இப்பிடிக் கதைச்சாத்தான் மதிப்பினம்."

"அப்ப எனக்கும் ஒண்டு வாங்கித் தாவன். உன்ர அத்தானோடை கதைக்கலாம்."

சிரித்தோம். அக்கா சிரித்தால் நானும் சிரிக்கத்தான் வேண்டும், அது சின்ன வயதுப் பழக்கம். ஆனால் மனதுக்குள் கொஞ்சம் சுட்டது. என் குரலை நானே அப்படிக் கேட்டதில்லை.

இன்னொரு விசயம், மடு மண். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மடு மாதாவிடம் போனால் கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு வருவோம். வீட்டு வாசலில் தூவுவோம், வருத்தக்காரருக்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுப்போம். பாம்புக் கடிக்கும் அதுதான் முதல் மருந்து என்பார்கள். அக்கா வரும்போது சேலை மடிப்புக்குள் வைத்து ஒரு பொட்டலம் மண் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது.

"ஐயோ அக்கா, மண் எல்லாம் கொண்டுவரக் கூடாது. எயாப்போட்டிலை பிடிச்சிருந்தா?"

"பிடிக்கேல்லைத்தானே. உன்ர வாசலிலை போடு, விசப் பூச்சி அண்டாது."

"லண்டனிலை எங்கையணை பாம்பு?"

"பாம்பில்லாட்டி என்ன? மனிசர் இருக்கினந்தானே."

நான் அதை மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

அந்த மரக்கோயிலைப் பற்றி அக்காவுக்குச் சொன்னவர் என் மனுசன். அவருக்கு வேறு வேலை இல்லை. லண்டனைச் சுற்றிப் போகும் பெருவீதியைத் தாண்டி எசெக்ஸ் பக்கம் போனால் வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய கோயில் இருக்கிறது, சுவர் முழுக்க மரம், ஆயிரம் வருசம் வரும் என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அக்கா பிடித்துக்கொண்டார்.

"கல்லுக்கோயில் எல்லாம் பாத்தாச்சு. போறதுக்கு முன்னம் அந்த மரக்கோயிலுக்கு ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. உங்கட அத்தானுக்காண்டி ஒரு செபம் சொல்லோணும்."

"அது எங்கட வேதமில்லை அக்கா. அங்கிலிக்கன்காரரின்ர கோயில்."

"ஏசு பிறந்தது மரக்கொட்டிலுக்குள்ளைதானே? எந்த வேதத்துக் கொட்டில் எண்டு ஆரும் கேட்டவையோ?"

அக்காவோடு வாதாடி வென்றவர் இல்லை. அக்கா ஊருக்குப் போவதற்கு முந்தின வாரச் சனிக்கிழமை, வேலை அரைநாளில் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போனேன். நான் கோபத்தோடுதான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று வேலையில் ஒருத்தி என்னோடு சண்டை பிடித்திருந்தாள், எனக்குத் தலை இடித்தது. வெளிக்கிட நேரமாகிவிட்டது. வழியெல்லாம் நத்தார்ச் சாமான் வாங்கப் போகிறவர்களின் கார்கள். மார்கழியில் இங்கே நாலு மணிக்கே இருட்டு விழுந்துவிடும். நாங்கள் அந்த ஒற்றையடிப் பாதை போன்ற தெருவில் போய் நிறுத்தியபோது மரங்களுக்குப் பின்னால் ஒரு செம்மைக் கீற்றுத்தான் மிச்சம் இருந்தது. குளிர் காதைப் பிடுங்கியது. அக்கா என்னுடைய பழைய கோட்டைப் போட்டிருந்தார், கை நீளம், விரல் நுனிதான் வெளியே தெரிந்தது. வீட்டுத் திறப்பில், அதுதான் சாவியில், இன்னொன்றை அவருக்கென்று வெட்டிக் கொடுத்திருந்தேன். அதை எப்போதும் கோட்டுப் பைக்குள் கிலுக்கிக்கொண்டே வருவார்.

கோயில் சின்னது. எங்கள் ஊரில் சந்தியில் இருக்கும் அந்தோனியார் சுரூபக் கூட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு என்று சொல்லலாம், அவ்வளவு அடக்கம். கதவடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றார். கம்பளித் தொப்பி, கையில் ரோச் லைற். கோயிலைப் பூட்டித் திறக்கிற பொறுப்பு அவருடையதாம். பூட்டப் போகிற நேரம், பரவாயில்லை, ஐந்து நிமிடம் பாருங்கள் என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். நான் என் ரெலிபோன் குரலில் நன்றி சொன்னேன்.

திரும்பிப் பார்த்தால் அக்கா வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றுகிறார்.

"அக்கா, வேண்டாம். இஞ்ச கழட்டுறேல்லை. குளிரும்."

"கோயிலுக்குள்ளை சப்பாத்தோடை போறதோ? உனக்கென்ன மூளை கலங்கிப் போச்சுதோ?"

கழற்றி, இரண்டையும் சோடியாக்கி, சுவரோரம் வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனார். அந்த அம்மா சப்பாத்துகளைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். என் காலில் பூட்ஸ் இருந்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். மானம் கப்பலேறத் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று நான் அப்போது நினைத்தேன். என்ன மானம்! ஒரு மனுசி கோயிலுக்குச் செருப்பைக் கழற்றியதில் யாருடைய மானம் போகிறது? ஆனால் எனக்குப் போனது.

உள்ளே அரை வெளிச்சம். பிளந்த ஓக் மரங்களை நிமிர்த்தி நெருக்கி அடுக்கியதுதான் சுவர். பழைய மரத்துக்கும் தேன்மெழுகுக்கும் உள்ள வாசம். அக்கா ஒவ்வொரு மரமாகத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டு போனார். அந்த அம்மா கோயிலின் கதையைச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். மரம் எப்படி இவ்வளவு காலம் உளுத்துப்போகாமல் நின்றது, கூரையை எப்போது மாற்றினார்கள், இப்படி. பிறகு அவர் சொன்னார், அந்தக் காலத்தில் ஒரு புனித அரசருடைய உடலைச் சுமந்துகொண்டு போனவர்கள் ஓர் இரவு இங்கே இறக்கி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு, ஆனால் அது கதைதான், உறுதியாகச் சொல்ல முடியாது. நான் முன்பாதியை மட்டும் சொன்னேன். பின்பாதியை விட்டுவிட்டேன். களைப்பு. அதோடு, அக்காவுக்கு எதற்கு அந்த நுணுக்கமெல்லாம் என்ற நினைப்பு.

அக்காவின் முகம் மாறிப்போனது. புனிதர்களை அவர் பழைய வழக்கப்படி அர்ச்சியசிஸ்டர் என்றுதான் சொல்லுவார்.

"அர்ச்சியசிஸ்டர் படுத்த இடமோ! ஆண்டவரே! இந்த மரம் அவரைக் கண்ட மரமோ!"

முழந்தாளில் விழுந்துவிட்டார். முழங்கால் வருத்தக்காரி. பிறகு கோட்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டி மெழுகுதிரியை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

நான் கேட்பதற்கு முன்பே அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மரக்கோயில், நெருப்பு வேண்டாம். நியாயம்தானே? "ஏலாதாம் அக்கா" என்றேன். அக்கா மெழுகுதிரியைத் திரும்ப வைத்துக்கொண்டார். "அப்ப கொஞ்ச மண்?" என்று கேட்டார். வெளியே பாதை முழுக்கச் சல்லிக்கல், மற்ற இடமெல்லாம் புல்லும் கல்லறையும். "இஞ்ச மண்ணும் இல்லை, ஒண்டும் இல்லை. கெதியா வாங்கோ, அவவை நிக்க வைக்கிறம்" என்று சினந்தேன். அக்கா எழும்பி வாசலுக்கு வந்தார். சப்பாத்தைப் போட்டார்.

வெளியே வந்தோம். அந்த அம்மா பூட்டுக்குள் சாவியை விட்டு மல்லுக்கட்டினார். குளிரில் பூட்டு இறுகிப்போகுமாம். நான் பக்கத்தில் நின்று காலநிலையைப் பற்றிக் கதைத்தேன். அக்கா, "நீ போ பிள்ளை, ஒரு பரமண்டலச் செபத்தோடை வாறன்" என்று கோயிலின் மறுபக்கச் சுவரோரம் நடந்தார். போகட்டும் என்று விட்டேன்.

முதலில் சத்தம்தான் கேட்டது. கறகறவென்று, எலி பலகை கொறிப்பதுபோல. அந்த அம்மா ரோச் லைற்றைத் திருப்பினார்.

வெளிச்சத்துக்குள் அக்கா நின்றார். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த என் வீட்டுத் திறப்பால் அந்த ஓக் மரத்தின் வெடிப்பு ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மண் இல்லை என்றேன் அல்லவா? அதுதான் மரத்தை எடுத்தார். அர்ச்சியசிஸ்டரைக் கண்ட மரம், மடு மண் போலத்தானே. தண்ணீரில் போட்டு அத்தானுக்குக் கொடுக்கலாம், தலையணைக்குக் கீழே வைக்கலாம், ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகும்போது கைக்குள் பொத்தி அனுப்பலாம். எனக்கு எல்லாம் ஒரு கணத்தில் விளங்கியது. அந்த இடத்தில் வேறு யாருக்கும் அது விளங்காது, எனக்கு மட்டும்தான் விளங்கும். விளங்கியபடியேதான் நான் செய்ததைச் செய்தேன்.

அந்த அம்மா திடுக்கிட்டுப்போனார். கத்தவில்லை. "அவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "உங்கள் அம்மாவா?" என்றார்.

அம்மாவாம். அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். அந்தக் கேள்வி எங்கேயோ குத்தியது. பல் வைத்தியரிடத்தில், வரிசையைக் குழப்புகிற ஆட்களைக் காட்டி, இவர் உங்கள் ஆளா என்று டொக்டர் என்னைக் கேட்பார். எங்கள் ஊர் ஆட்கள் என்றால் அப்படித்தான் கேட்பார். அப்போது வரும் அந்த வழவழப்பான குரல், நான் கூப்பிடாமலே வந்துவிட்டது.

"நோ, நோ. ஜஸ்ற் எ லேடி ஃப்ரம் அவர் சேர்ச்."

இல்லையில்லை, எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு பெண்மணி, அவ்வளவுதான். அதோடு நின்றேனா? ஊரிலிருந்து புதிதாக வந்தவர், இங்கத்தைய வழக்கம் தெரியாது, கேட்டதற்காகக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். வசனத்தின் கடைசி மெல்ல மேலே போனது.

அக்கா வெளிச்சத்துக்குள் நடந்து வந்தார். இடது கை பொத்தியிருந்தது. முகத்தில் பயம் இல்லை, தன் காரியத்தில் நியாயம் உள்ளவரின் முகம்.

"இவவுக்குச் சொல்லு பிள்ளை. அத்தானுக்கெண்டு சொல்லு. நெஞ்சைத் திறக்கப் போகினம் எண்டு சொல்லு. ஒரு நெல்லுமணி அளவுதான் எடுத்தனான் எண்டு சொல்லு."

நான் என்ன சொல்ல? அக்காவின் புருசனுக்கு நெஞ்சு ஒப்பரேசன் என்று சொன்னால், அத்தான் என்று சொல்ல வேண்டும், அக்கா என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன் சொன்ன பொய்யை எங்கே வைப்பது? நான் சொன்னேன், "அவர் மன்னிப்புக் கேட்கிறார்."

அக்கா என் வாயைப் பார்த்தார். தான் சொன்னது அவ்வளவு நீளம், நான் சொன்னது இவ்வளவு கட்டை. மொழி தெரியாவிட்டாலும் நீளம் தெரியும்தானே. என்னிடமிருந்து பார்வையை எடுத்தார். அந்த அம்மாவை நேரே பார்த்து, திறப்புப் பிடித்த கையை என் பக்கம் காட்டி, விமான நிலையத்தில் சொன்ன அதே தெளிவோடு சொன்னார்.

"ஐ ஆம் ஹேர் சிஸ்ரர்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்கள். அதைச் சும்மா சொல்லவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. நிலம் பிளக்கவில்லை. காகம் ஒன்று எங்கேயோ கத்திக்கொண்டு போனது. அந்த அம்மாவின் ரோச் லைற் ஒரு கணம் என் முகத்துக்கு ஏறி, உடனே மரியாதையாகக் கீழே இறங்கியது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பொய்காரி என்று ஒரு பார்வை பார்த்திருந்தாலும் பரவாயில்லை, நான் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், "உங்கள் சகோதரிக்குச் சொல்லுங்கள், இந்த மரம் மிகவும் பழையது, வருகிறவர் எல்லோரும் கொஞ்சம் எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது."

உங்கள் சகோதரிக்கு. நான் தமிழில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். இப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவரும் ஒரு மனுசிதான், சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை. "குடுங்கோ அக்கா" என்று நானே அவருடைய விரல்களைப் பிரித்தேன். சின்ன விரல் கடைசி வரைக்கும் மடங்கியே இருந்தது, அதையும் பிரித்தேன். நடுவில் கறுத்த ஒரு சிராய். சொன்ன மாதிரி நெல்லுமணி அளவுதான். அதை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தேன். அவர் கைக்குட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "குட் நைற்" என்று அக்காவுக்குச் சொன்னார்.

காரில் அக்கா தன் கையைத் தேய்த்துச் சூடாக்கினார்.

"அவ நல்ல மனுசி. கோயில் பொருளைக் காக்கிறது அவவின்ர கடமைதானே" என்றார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "நாளைக்கு விளைமீன் வாங்குவமோ?" என்றார்.

"ஓம்."

"நல்ல புளி விட்டு வைப்பம்."

"ஓம் அக்கா."

காரில் கதைத்தது அவ்வளவுதான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கிண்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு விளங்கியதா, இல்லையா? லேடி என்ற சொல் தெரியாத ஈழத்து மனுசி ஒருத்தி இருக்கிறாளா? சேர்ச் தெரியாதா? ஆனால் நான் கெதியாகச் சொன்னேன். மூக்கால் சொன்னேன். விளங்காமலும் இருந்திருக்கலாம். விளங்காமல், எப்போதும்போலத் தன் மந்திரத்தைச் சொல்லியிருக்கலாம். ஆமிக்காரனை மசிய வைத்த ஆளுக்கு அந்த அம்மா எந்த மூலைக்கு? ஏசுவின் சீடர் இராயப்பர் அவரைத் தெரியாது என்று மறுதலித்தபோது சேவலாவது கூவிக் காட்டிக்கொடுத்தது. எனக்கு அதுவும் இல்லை. விளைமீன்தான்.

இதற்குப் பிறகு நான் அக்காவைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். புதுக் கோட்டு வாங்கிக் கொடுத்தேன், அத்தானுக்குச் சுவெற்றர், பிள்ளைகளுக்குச் சொக்லேற், முழங்காலுக்கு எண்ணெய். "என்னடி, உனக்கு லொத்தர் விழுந்ததோ?" என்று அக்கா சிரித்தார். வழக்கம்போலச் சமைத்தார், வழக்கம்போல என்னை ஏசினார். ஒன்றும் நடக்கவில்லை என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். நத்தாருக்கு முந்தின பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாவற்றையும் சாமியாருக்குச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வந்தபிறகும் நற்கருணை எடுத்தேன், வெட்கம் கெட்டவள்.

எல்லாம் முன்போலத்தான், ஒன்றைத் தவிர. தபால்காரன் ஒரு பொதியோடு வந்தான். புது ஆள், அக்காவை முன்பின் கண்டிராதவன். கதவைத் திறந்தது அக்கா. அவன் என் பெயரைச் சொல்லி, நீங்களா என்று கேட்டான். நான் மாடிப்படியில் நின்று அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பொதியை வாங்கினார். பஸ்ஸிலும் சாரதியைப் பார்த்துச் சிரிப்பு மட்டும்தான். பக்கத்து வீட்டுக் கிழவர் கையாட்டினால் இவரும் கையாட்டுவார். முன்பு ஒரு நாளைக்கு எத்தனை தரம் காது புளிக்கக் கேட்ட வசனம், பிறகு அது அந்த வீட்டில் கேட்கவேயில்லை.

அந்த மரச்சிராய் இல்லாமலே அத்தானுக்கு எல்லாம் நல்லபடி முடிந்தது. இப்போது எழும்பி நடக்கிறார், மருந்து போட மறக்கிறார். ஆனால் அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது. வெறுங்கையோடு போகிறேனே என்ற நினைப்போடுதான் அக்கா அன்று விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டார். மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்த மடு மண்ணை நான் எடுத்து நீட்டினேன். "அது உனக்கெண்டு கொண்டுவந்தது, குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ?" என்று என் கையைத் தள்ளிவிட்டார்.

முழங்கால் காரணமாகச் சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அதற்கென்று ஒரு மேசை. அங்கே இருந்த பெண் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. நத்தார்த் தொப்பி போட்டிருந்தாள். அக்காவை நாற்காலியில் இருத்தி, கடவுச்சீட்டை வாங்கிக் கணினியில் தட்டினாள். பிறகு குனிந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "ஹூ இஸ் திஸ் லேடி வித் யூ ருடே?"

உங்களோடு வந்திருக்கிற இந்த லேடி யார்?

அந்தக் கேள்விக்கென்றே செய்த வசனம் அக்காவிடம் இருந்தது. நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லுங்கோ அக்கா, சொல்லிவிடுங்கோ.

அக்கா அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் இருந்தபடியே என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. கடைக்குப் போகும்போது என்ன வாங்கி வர என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"என்னெண்டு சொல்லட்டும் பிள்ளை?"